ஹாங்காங் குளிர்ந்தால் டெசாரு பொங்கும்

ஹாங்காங்கில் ஒரே இரவில் குளிர் இறங்கியது என்று டிசம்பரில் செய்தி வந்தால், அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு ஜொகூரின் டெசாரு கடலின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் தேங்கிக் கனத்துப்போன குளிர்காற்று, அவ்வப்போது மொத்தமாகத் தெற்கே சரிந்து இறங்குகிறது. சீனக் கரையைத் தாண்டித் தென் சீனக் கடலுக்குள் நுழைந்ததும் அது வடகிழக்குக் காற்றாகத் திரும்புகிறது. அங்கிருந்து ஜொகூர் வரை 2,000 கிலோமீட்டருக்கும் நீளமான நீர்ப்பரப்பு. அத்தனை தூரமும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே வரும் காற்றுதான் டெசாருவிலும் பத்து லாயாரிலும் தஞ்சோங் பாலாவிலும் அலையாக எழுந்து உடைகிறது.

நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் குளிர்காற்றுப் பாய்ச்சல் பலமுறை வரும். வரும்போது சில நாள் ஓயாமல் வீசும், பிறகு தணியும், மறுபடி வரும். நம் நாட்காட்டியை இதோடு பொருத்திப் பாருங்கள். தீபாவளியை ஒட்டித் தொடங்கி, பள்ளி விடுமுறை, புத்தாண்டு, பொங்கல், தைப்பூசம் என்று குடும்பத்தோடு வேன் எடுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போகும் நாட்கள் பெரும்பாலும் இந்த ஐந்து மாதத்துக்குள்தான் விழுகின்றன. புளிச்சாதமும் கோழிப் பிரட்டலும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் கடலின் நிலவரத்தைப் பார்ப்பதில்லை. அலைச்சறுக்குப் பலகையோடு போகிறவர்களோ அதைப் பார்க்காமல் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. அந்தப் பழக்கம் குடும்பங்களுக்கும் வரவேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். டெசாரு இருக்கும் கோத்தா திங்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரம் திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது. ஆனாலும் எல்லாத் திசையிலிருந்தும் அலை நுழைந்துவிட முடியாது. வடக்கே தியோமானும் அவுர் தீவும், வடகிழக்கே அனம்பாஸ் தீவுக்கூட்டமும், தெற்கே பிந்தானும் காவல் நிற்கின்றன. நடுவில் உள்ள இடைவெளி வழியாக வரும் அலைதான் கரையை அடைகிறது. காற்றின் திசை சற்றே நகர்ந்தால்கூட ஒரு கடற்கரையில் அலை பெருத்து, பக்கத்துக் கடற்கரையில் சிறுத்துப்போவதற்கு இதுவே காரணம். மெர்சிங் கரைக்கு எதிரில் தீவுகள் இன்னும் நெருக்கமாக இருப்பதால் அங்கே கடல் கொந்தளித்தாலும் சறுக்குவதற்கு ஏற்ற அலை அபூர்வம்.

அடுத்தது ஆழம். தென் சீனக் கடலின் தென்பகுதி பெரும்பாலும் 100 மீட்டருக்கும் குறைந்த ஆழமே கொண்டது. ஓர் அலை தன் நீளத்தில் பாதி அளவு ஆழத்துக்கு வந்ததும் கடலின் அடியைத் தொட ஆரம்பிக்கிறது. 14 விநாடி இடைவெளியில் வரும் அலை 150 மீட்டர் ஆழத்திலேயே அடியைத் தொட்டுவிடும்; ஆகவே அப்படிப்பட்ட அலை இந்தக் கடலில் நெடுந்தூரம் வலுக்குறையாமல் ஓட முடியாது. 7 விநாடி அலைக்கு 40 மீட்டர் ஆழமே போதும். ஜொகூரில் வருபவை பெரும்பாலும் 6 முதல் 9 விநாடி இடைவெளி கொண்ட, காற்று அங்கேயே கிளப்பிவிட்ட அலைகள். நெருக்கமாக வரும், சீக்கிரம் உடையும், ஒன்று உடைந்து நுரை அடங்குவதற்குள் அடுத்தது தலையில் விழும்.

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவிலை ஒட்டிய அறுகம்பையோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். உலகம் முழுவதிலிருந்தும் அலைச்சறுக்கு வீரர்கள் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே குவிகிறார்கள். அங்கு வரும் அலை, தென்துருவத்தைச் சூழ்ந்த பெருங்கடலில் அடித்த புயலில் பிறந்தது. பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவந்ததில் சிறு அலைகளெல்லாம் உதிர்ந்து, நீண்ட இடைவெளியோடு சீராகப் பார்களின் மேல் மடிகிறது. அதே மாதங்களில் அங்கே வீசும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. எதிர்க்காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடித்து வழவழப்பாக்குகிறது. அலை ஒரு திசை, காற்று இன்னொரு திசை என்று அமைந்த கொடுப்பினை அறுகம்பைக்கு. ஜொகூரிலோ அலையைக் கொண்டுவரும் காற்றே அதைக் கலைத்தும் போடுகிறது. வாடை பலமாக அடிக்கும் நாளில் கடல் முழுக்க வெள்ளை நுரைதான். பலகையில் ஏறி நிற்க ஒரு முகம்கூடக் கிடைக்காது.

அதனால்தான் இங்கே காற்று ஓயும் நாளைக் கணக்கிடத் தெரிந்தவருக்கே நல்ல அலை கிடைக்கிறது. பாய்ச்சல் தணிந்து உள்ளூர்க் காற்று இறங்கிவிடும். ஆனால் வடக்கே நேற்று எழுந்த அலைகள் இன்னும் வந்துகொண்டிருக்கும். 8 விநாடி அலையின் வலு ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. 500 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்தது கரைசேர ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள், ஜொகூர் கடலுக்கு நல்ல நேரம். அதிலும் நிலம் குளிர்ந்திருக்கும் விடியற்காலை இன்னும் நல்லது. கடலிலிருந்து அடிக்கும் காற்று அப்போதுதான் வலுக்குறைந்திருக்கும். காலை பத்து மணிக்குமேல் போகிறவருக்கு அதே கடல் வேறு கடல்.

கரையை ஒட்டிய பாறைகளையும் சொல்லவேண்டும். டெசாருவின் நீண்ட மணற்கரையில் அலை மணல்திட்டில் உடைகிறது. திட்டு ஒவ்வொரு பருவத்திலும் இடம் மாறுவதால் போன ஆண்டு கிடைத்த அலை இந்த ஆண்டு அதே இடத்தில் கிடைக்காது. தஞ்சோங் பாலாவ் முனையிலும் பத்து லாயார் பக்கத்திலும் பாறைகள் கடலுக்குள் நீண்டிருக்கின்றன. வேகமாக நடந்து வருபவர் வாசற்படியில் கால் தடுக்கி முன்னால் சாய்வதுபோல், அலை பாறையில் அடிவாங்கி ஒரே இடத்தில் சட்டென்று எழுந்து மடியும். இடம் மாறாது என்பது அதன் சிறப்பு. விழுந்தால் மணல் கிடையாது என்பது அதன் ஆபத்து. பொதுவாக, அலையின் உயரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு ஆழம் வந்ததும் அலை உடைகிறது. தலைக்குமேல் எழும் அலை உடையும் இடத்தில் காலுக்குக் கீழே ஏறத்தாழ இரண்டு மீட்டர் தண்ணீர்தான் இருக்கும் என்று இதற்குப் பொருள். நீர் வற்றும் நேரத்தில் பாறை இன்னும் மேலே வந்துவிடும். ஆகவே பாறைமேல் சறுக்க நினைப்பவர் நீர்மட்ட அட்டவணையைப் பார்க்காமல் இறங்கக்கூடாது. வற்றிய நேரத்தில் ஒருமுறை கரையில் நின்று பாறைகள் எங்கெங்கே தலைகாட்டுகின்றன என்று பார்த்து வைத்துக்கொண்டால், நீர் ஏறிய பிறகு அந்த நினைவு உயிரைக் காக்கும்.

இனி கடல்நிலை அறிக்கையில் வரும் எண்கள். ‘அலை உயரம் 1.5 மீட்டர்’ என்று போட்டிருந்தால் எல்லா அலையும் ஒன்றரை மீட்டர் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அந்த எண். ஏறத்தாழ ஆயிரம் அலைக்கு ஒன்று அதைப்போல் இரு மடங்கை நெருங்கும். 7 விநாடிக்கு ஓர் அலை என்று கணக்குப் போட்டால், ஆயிரம் அலை கடந்துபோக இரண்டு மணி நேரம் போதும். காலையில் வந்து சாப்பாடு முடித்துக் கிளம்பும் குடும்பம் ஒன்று, மூன்று மீட்டரை நெருங்கும் அலை வெளிக்கடலிலிருந்து கிளம்பி வரும் நேரத்தில் கரையில்தான் இருக்கும். ‘இவ்வளவு நேரம் நன்றாகத்தானே இருந்தது’ என்ற பேச்சு அதனால்தான் வருகிறது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்றுக்கும் கடல் கொந்தளிப்புக்கும் மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. முதல் நிலை: மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. இரண்டாவது: 50 முதல் 60 கிலோமீட்டர், 4.5 மீட்டர் வரை. மூன்றாவது அதற்கும் மேல். முதல் நிலை என்றதும் லேசானது என்று தோன்றும். ஆனால் சிறு படகுகளுக்கும் கடலில் விளையாடுகிறவர்களுக்கும் அதுவே ஆபத்தான அளவு. துறையின் ‘மைசுவாச்சா’ செயலியில் இந்த எச்சரிக்கைகளைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். கிளம்புவதற்கு முன் ஒருவர் எடுத்துப் பார்த்தால் போதும்.

கரையில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது அலையின் உயரம் அல்ல, திரும்பிப் போகும் தண்ணீர். நெருக்கமாக வந்து விழும் அலைகள் கரையோரம் தண்ணீரைக் குவிக்கின்றன. குவிந்த நீர் மணல்திட்டுகளுக்கு இடையிலோ பாறை ஓரத்திலோ ஒரு கால்வாய் பிடித்துக் கடலுக்குள் பாய்கிறது. அந்தக் கால்வாயில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. இருபுறமும் நுரைத்துக்கொண்டிருக்க நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடம் அதுதான். பிள்ளைகளைக் குளிக்க விட நாம் தேடிப் பிடிப்பதும் அதே இடத்தைத்தான்! இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தக்கூடாது. மிதந்துகொண்டே கையை உயர்த்தி உதவி கேட்கவேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்கு வந்து, அலையோடு கரையேற வேண்டும். காப்பாற்றப் பாய்கிறவர் மிதக்கும் பொருள் ஏதாவது ஒன்றை, காலி குளிர்பெட்டியானாலும் சரி, பிடித்துக்கொண்டுதான் இறங்கவேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால் ஆழம்கூட வேண்டாம். அவசர எண் 999.

தமிழ்நாட்டில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2024 மே மாதத் தொடக்கத்தில் தென் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் கள்ளக்கடல் எச்சரிக்கையை இந்தியாவின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் விடுத்திருந்தது. தொலைதூரப் பெருங்கடலில் பிறந்த நீண்ட அலை, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமலே கரையில் திடீரென்று பொங்குவதுதான் கள்ளக்கடல். மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களைக் கடல் இழுத்துக்கொண்டது. டெசாருவின் காற்றலையும் கன்னியாகுமரியின் கள்ளக்கடலும் வெவ்வேறு வகை. எச்சரிக்கை கரையில் நிற்பவரின் காதுக்குப் போய்ச்சேர வேண்டும் என்பதில் மட்டும் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

ஜொகூர்க் கடல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2001 டிசம்பர் சாட்சி. பூமத்திய ரேகைக்கு அருகில் புயல் சுழலாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. பூமியின் சுழற்சி தரும் திருப்புவிசை அங்கே ஏறக்குறைய இல்லாமல் போய்விடுவதே காரணம். அந்த ஆண்டு போர்னியோவை ஒட்டிய காற்றுச்சுழல் ஒன்று மேற்கே நகர்ந்து கடலுக்குள் வந்து நின்றது. அதே நேரத்தில் வலுவான குளிர்காற்றுப் பாய்ச்சல் ஒன்று வந்து அதைச் சுற்றி வளைத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து வாமெய் என்ற சூறாவளியாகி, டிசம்பர் 27 அன்று ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது. நில நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை பாகை மட்டுமே தள்ளி! அவ்வளவு நெருக்கத்தில் சூறாவளி உருவானதற்கு அதற்குமுன் பதிவே கிடையாது. குனோங் பூலாய் பகுதியில் மண்சரிவு உயிர்களைப் பறித்தது. நூறிலிருந்து நானூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படி நடக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ஆனால் சுழலும் பாய்ச்சலும் சந்திப்பது அவ்வளவு அரிதல்ல. சூறாவளியாக மாறாமலே, இரண்டு மூன்று நாள் விடாமழையாகக் கொட்டிவிட்டுப் போகும்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வெள்ளம் வந்து கோத்தா திங்கி நகரமே மூழ்கியதை ஜொகூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் தங்கினார்கள். அலை தேடிப் போகிறவர்களும் இதை மனத்தில் வைக்கவேண்டும். பெருமழைக்குப் பிறகு ஆறுகள் சேற்றையும் மரக்கட்டைகளையும் கடலில் கொண்டுவந்து கொட்டும். பழுப்பு நீரில் மிதக்கும் கட்டை, சறுக்குகிறவருக்குப் பாறையைவிட மோசம். பாறை இருந்த இடத்தில் இருக்கும், கட்டை இருக்காது. மெர்சிங்கிலிருந்து தீவுகளுக்குப் போகும் படகுச் சேவையும் இந்த மாதங்களில் குறைந்துவிடும் அல்லது நின்றுவிடும். தீவில் அறை பதிவு செய்திருப்பவர்கள் திரும்பும் நாளைப் பற்றி முன்கூட்டியே யோசிக்கவேண்டும்.

பருவத்துக்குள்ளேயே இரண்டு பாதிகள் உண்டு. நவம்பரிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை காற்றோடு மழையும் சேர்ந்து வரும். கடல் மிகவும் முரட்டுத்தனமாக இருப்பதும், நீர்மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்து கரையை அரிப்பதும் அப்போதுதான். தொடக்கநிலைக்காரர்கள் கடலைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஜனவரி கடைசியிலிருந்து மழை பொதுவாகக் குறைகிறது, காற்று மட்டும் தொடர்கிறது. வானம் வெளுத்து, அலையும் இருந்து, பாய்ச்சல்களுக்கு இடையே ஓய்வும் நீளும் பிப்ரவரிதான் ஜொகூரில் சறுக்கப் பழகுகிறவர்களுக்கு என் தேர்வு. வெயில் அடிக்கிறதே என்று குளிக்க இறங்குகிறவர்கள் இந்த மாதத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மழை விட்டதே தவிர இழுவை விடவில்லை.

மார்ச் முடியும்போது வடகிழக்குக் காற்று ஓய்கிறது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் நிலப்பக்கத்திலிருந்து வீசுவதால் டெசாருவில் பலகைக்கு வேலை இல்லை. ஆர்வலர்கள் பாலிக்கோ அறுகம்பைக்கோ விமானம் ஏறுகிறார்கள். பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் கடலில் நீந்தக் கற்றுக்கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்த மாதங்களே ஏற்றவை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை திடீரென்று கூடிவிடும் என்பதால் காலையிலேயே போய், முதல் இடிமுழக்கம் கேட்டதும் தண்ணீரைவிட்டு ஏறிவிடவேண்டும்.