காதிரைச்சல்

வெளியில் எந்த ஒலியும் இல்லாதபோதும் காதுக்குள்ளோ தலைக்குள்ளோ ஒலி கேட்பது காதிரைச்சல் எனப்படும். மணியோசை, சீழ்க்கை, சில்வண்டின் ரீங்காரம், குக்கரிலிருந்து ஆவி வெளியேறும் ஓசை என்று பாதிக்கப்பட்டவர்கள் இதைப் பலவாறாகச் சொல்வதுண்டு. மருத்துவத்தில் இதற்கு டின்னிடஸ் என்று பெயர். மணியொலித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. இது தனி நோயன்று, ஓர் அறிகுறி. பட்டாசு வெடித்தபின் சிறிது நேரம் கேட்டு அடங்கும் இரைச்சல் பலருக்கும் தெரிந்ததே. மாதக்கணக்கில் நீடிப்பதே சிக்கலானது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது

உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் ஏறத்தாழ 15,000 மயிர்செல்கள் உள்ளன. ஒலியதிர்வை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுவது இவற்றின் வேலை. மனிதரில் இவை ஒருமுறை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. செல்கள் அழிந்த பகுதியிலிருந்து வரும் சமிக்ஞை குறையும்போது, அதை ஈடுகட்ட மூளையின் கேள்விப் பகுதி தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. நிலையம் கிடைக்காத வானொலியில் ஒலியளவைக் கூட்டினால் இரைச்சல்தானே கேட்கும். அதுபோலத்தான் இதுவும் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். காதில் தொடங்கும் குறை மூளையில் நிலைத்துவிடுகிறது.

1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர், கேட்கும் திறன் நன்றாக இருந்த 80 பேரை ஒலிபுகா அறையில் அமரவைத்தனர். அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாகச் சொன்னார்கள். ஆக, மெல்லிய இரைச்சல் பெரும்பாலோரிடம் உண்டு. மூளை அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. அதையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொண்டால் அச்சம் கவனத்தை அங்கேயே இழுக்கும், கவனித்தால் ஒலி பெரிதாகத் தோன்றும், தூக்கம் கெடும், அச்சம் இன்னும் கூடும்.

சத்தம் தவிர வேறு காரணங்களும் உண்டு: முதுமை, குறும்பி அடைப்பு, நடுக்காதில் சீழ், மெனியர் நோய். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், அதிக அளவில் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளாலும் வரலாம். மருந்தின் மேல் ஐயம் எழுந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

பீங்கான் வட்டாரத்தில்

கடலூர் மாவட்டத்தின் கம்மாபுரம், விருத்தாசலம் பகுதியில் பீங்கான் அறியப்பட்ட தொழில். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கும் வெள்ளைக் களிமண் இதற்குக் கைகொடுத்தது. பீங்கான் கூடத்தில் சூளையைவிடக் காதுக்குப் பகை அரைவை உருளைதான். கற்பொடியையும் களிமண்ணையும் கூழாங்கற்களோடு போட்டு அது மணிக்கணக்காகச் சுழலும். கல் உடைக்கும் எந்திரமும் அப்படியே. இத்தகைய எந்திரங்கள் 90 டெசிபலைத் தாண்டுவது பொதுவாகக் காணப்படுவது.

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் பாதுகாப்பான வரம்பு எனப் பல நாடுகள் கொள்கின்றன. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. இந்தியத் தொழிற்சாலை மாதிரி விதிகள் 90 டெசிபலை வரம்பாக வைத்தன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களுள் சத்தத்தால் வரும் கேள்விக் குறைவும் இடம்பெற்றது. ஆனால் மின்விசையில் இயங்கினாலும் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கூடங்கள் பொதுவாக அச்சட்டத்துக்குள் வரவில்லை. சிறுதொழில் ஊர்களில் இது சிறிய ஓட்டையன்று.

பகலில் எந்திரச் சத்தம் காதிரைச்சலை மூடிவிடுகிறது. இரவில் ஊர் அடங்கியதும் அது மேலெழும். அதனாலேயே தொழிலாளி இதை வேலையோடு சேர்த்து எண்ணாமல், சூடு என்றோ நரம்புத் தளர்ச்சி என்றோ நினைத்துவிடுகிறார். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது பெரிதாகப் பயன்படாது. அழுத்திச் செருகும் நுரை அடைப்பான் அல்லது காதை முழுதாக மூடும் உறை தேவை.

எப்போது விரைந்து செல்ல வேண்டும்

ஓரிரு நாளுக்குள் ஒரு காது திடீரென மந்தமாகி இரைச்சலும் சேர்ந்தால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம். சொட்டு மருந்து விட்டுக் காத்திருந்து அந்த நாட்களை இழப்பவர்கள் பலர். ஒரு காதில் மட்டும் நீடிப்பது, நாடித்துடிப்போடு சேர்ந்து கேட்பது, தலைசுற்றலோ முகவாதமோ உடன் வருவது ஆகியவற்றையும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் ஊக்கால் குடைவதும் செவிப்பறைக்குக் கேடு.

சமாளிக்கும் வழிகள்

குறும்பியோ சீழோ காரணமானால் அதைச் சரிசெய்ததும் இரைச்சல் பெரும்பாலும் குறையும். மயிர்செல் இழப்பால் வந்த இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஜிங்கோ, துத்தநாகம் ஆகியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2014 வழிகாட்டி கூறுகிறது. இருந்தும் அவை விற்பனையாகின்றன.

முதலில் செவித்திறன் சோதனை வேண்டும். கேள்விக் குறைவு இருந்தால் காது கேட்கும் கருவியே நல்ல மருந்து. வெளியொலி கூடும்போது மூளைக்கு உள்ளொலியைத் தேட வேண்டியிராது. இரவில் முழு நிசப்தத்தைத் தவிர்த்து மின்விசிறி ஓசையையோ மெல்லிய வானொலியையோ வைத்துக்கொள்ளலாம். இரைச்சலை அமுக்கும் அளவுக்குச் சத்தம் கூடாது. அதோடு கலந்து கேட்டால் போதும். துன்பத்தைக் குறைப்பதில் அதிகச் சான்றுள்ளது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஒலியின் அளவு மாறாவிட்டாலும் அதன்மீதான அச்சம் தணிகிறது. பலருக்குச் சில மாதங்களில் நாளின் பெரும்பகுதி அது நினைவுக்கே வருவதில்லை. "பழகிக்கொள்ளுங்கள்" என்று ஒரு சொல்லில் அனுப்பிவிடுவதற்கும் இதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. தூக்கமின்மையும் மனச்சோர்வும் மிகுந்தவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.