மூன்று முறை ‘டக்’

பண்டார் தெங்காரா செம்பனையால் வளர்ந்த ஊர். தென்கிழக்கு ஜொகூரின் காட்டு நிலங்களை மேம்படுத்த 1972இல் அமைக்கப்பட்ட கெஜோரா வாரியத்தின் திட்டத்தில் உருவானது. இங்கே பிக்கப் என்பது செம்பனைக் குலை சுமக்கிற வண்டி. ஒரு குலை 20 கிலோ என்றால் ஐம்பது குலை ஒரு டன். அந்தச் சுமையோடு செம்மண் சாலையில் ஊர்ந்து ஏற வேண்டும். அப்படி உழைக்கிற வண்டியின் ஆட்டோ கியர்பாக்ஸ் ஒருநாள் தடுமாறினால், பட்டறைக் கூலியை நினைத்து, வீட்டுக் கொட்டகையிலேயே இறக்கிப் பார்க்கலாமே என்று தோன்றுவது இயல்பு. இறக்கலாம்தான். ஆனால் அந்த வேலையின் கஷ்டம் போல்ட்டுகளில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது இருப்பது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில்.

கன்வெர்ட்டரின் மூலக் கருத்து கப்பலிலிருந்து வந்தது. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனையும் மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியையும் பல்சக்கரம் இல்லாமல் இணைக்க வழிதேடிய ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்றார். இரண்டு விசிறிகளை எதிரெதிரே வைத்து நடுவில் எண்ணெயை ஓடவிட்டால், ஒன்றின் சுழற்சி மற்றதையும் சுழற்றும். இடையில் ஸ்டேட்டர் என்னும் மூன்றாவது விசிறி எண்ணெயின் திசையைத் திருப்பிவிடுவதால், வண்டி கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகும். இதற்கு விலை உண்டு. இரண்டு விசிறிகளின் வேகம் எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு சக்தி எண்ணெயில் வெப்பமாக வீணாகும். நெடுஞ்சாலையில் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும்; தோட்டத்து மேட்டில் ஊரும்போது பெரும்பாலும் பூட்டாது. வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் எண்ணெய் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ஆகவே, கியர் பெட்டியில் தட்டுப்படும் கோளாறு பல நேரம் எண்ணெயில் தொடங்கியதாக இருக்கும். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பேறிக் கருகிய வாடை அடிக்கிறதா, அளவு குறைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடி, சொலினாய்டு ஆகியவற்றை, பிக்கப்புகளில் பெரும்பாலும் அடித்தட்டைக் கழற்றியே எட்டிவிடலாம். இவற்றைப் பார்க்காமல் பெட்டியை இறக்குவது, காய்ச்சலுக்கு வயிற்றைக் கிழிப்பதுபோல.

சரி, இறக்கியே ஆக வேண்டிய நிலை என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி இணைப்பை எடுத்து, எண்ணெயை வடித்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கூலர் குழாய், வயரிங், குறுக்குச் சட்டம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றுவது பொறுமை கேட்கும் வேலை, அவ்வளவே. நான்கு சக்கர ஓட்டத்துக்கான டிரான்ஸ்ஃபர் கேஸும் சேர்ந்தால் எடை நூறு கிலோவை ஒட்டி வந்துவிடும். வடித்த பிறகும் கன்வெர்ட்டருக்குள் சில லிட்டர் எண்ணெய் தங்கியிருக்கும். பெட்டியை முன்பக்கம் சாய்த்தால் கன்வெர்ட்டரே நழுவி விழும். அதனால் இன்ஜினின் ஃபிளெக்ஸ் பிளேட்டில் இருக்கும் அதன் போல்ட்டுகளை முதலில் எடுத்து, கன்வெர்ட்டர் பெட்டியோடு ஒட்டியே வரும்படி பட்டையால் கட்டி இறக்க வேண்டும். திரும்ப மாட்டும்போதுதான் உண்மையான சோதனை. பெரும்பாலான பெட்டிகளில் கன்வெர்ட்டரின் கழுத்து ஸ்டேட்டர் தண்டு, உள்ளீட்டுத் தண்டு, எண்ணெய் பம்ப் என்று மூன்று இடங்களில் பொருந்த வேண்டும். மெல்லச் சுழற்றி உள்ளே தள்ளினால் ஒவ்வொன்றும் ‘டக்’கென்று இறங்கும். இரண்டோடு நிறுத்திவிட்டால் வெளியிலிருந்து பார்க்கையில் வித்தியாசமே தெரியாது. மிச்சமிருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை போல்ட் முறுக்கி மூடினால் பம்பின் பல்சக்கரம் உடையும்.

தோட்ட மெக்கானிக்குகள் காலங்காலமாக மண்தரையிலேயே கியர்பாக்ஸ் இறக்கவில்லையா என்று கேட்கலாம். இறக்கினார்கள், ஆனால் அவை பெரும்பாலும் மேனுவல் பெட்டிகள். அங்கே கிளட்ச் இன்ஜினோடு தங்கிவிடும், கன்வெர்ட்டரின் கழுத்து இடித்து உடையக்கூடிய பம்ப் கிடையாது. மண்தரை அப்போதும் ஆபத்துதான்: ஜாக் புதைந்தால் வண்டிக்கு அடியில் இருப்பவர்தான் நசுங்குவார். கூலி மிச்சமாகுமே என்பது வலுவான வாதம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் மிச்சமாகும் கூலி, உடைந்த பம்பின் விலைக்கு ஈடாகாது. ஆயுள் முழுதும் எண்ணெய் மாற்றவே வேண்டாம் என்று விற்பனையாளர் சொன்னாரே என்பார் சிலர். கடும் உழைப்புக்கு மாற்றும் இடைவெளியைக் கையேட்டில் தேடிப் பாருங்கள், குலை சுமப்பது கடும் உழைப்பு. வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதற்கு மட்டும் எந்த வாதமும் செல்லாது. இந்த ஊரின் நீர் ஜொகூர் ஆற்றுக்குப் போகிறது. 1962 ஒப்பந்தப்படி அந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுக்கலாம். பழைய எண்ணெயை மூடிய கேனில் பட்டறையிடம் சேர்ப்பதே முறை.

சிமெண்ட் தரை, உறுதியான ஸ்டாண்டுகள், கியர்பாக்ஸ் ஜாக், கூட ஓர் ஆள் — நான்கும் இருந்தால் வீட்டிலேயே செய்யுங்கள். பெட்டி இன்ஜினோடு வெறும் கைவிசையிலேயே இடைவெளியின்றிச் சேர வேண்டும். சேர்ந்த பின் கன்வெர்ட்டர் விரலுக்குச் சுழல வேண்டும். சுழலவில்லையா, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை மறுபடி இறக்குங்கள்.