மகள் மறுபடியும் எழுதட்டும்

உயர்தரப் பரீட்சை வந்துவிட்டால் வீட்டில் பிள்ளை மட்டும் பரீட்சை எழுதுவதில்லை. உம்மாவும் சேர்ந்துதான் எழுதுகிறாள். 2025 நவம்பர் 10ஆந் திகதி ஆரம்பமான க.பொ.த. உயர்தரப் பரீட்சையை டித்வா புயல் இடைநடுவில் நிறுத்தியது நினைவிருக்கும். மாத்தளை மாவட்டத்தின் மலைப்பகுதிகளிலும் மண் சரிந்தது. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில்தான் நடந்தன. பாதி எழுதிவிட்டு மீதியை நெஞ்சில் சுமந்துகொண்டு ஒரு மாதத்துக்கு மேல் காத்திருப்பதற்கு வளர்ந்தவர்களுக்கே ஸப்ர் போதாது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அதைச் செய்தார்கள்.

பரீட்சை மண்டபத்திலிருந்து வந்த மகளிடம் சோறு வைப்பதற்கு முன்பே "எத்தனை புள்ளி வரும்?" என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அவளால் மட்டுமல்ல, ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளிதான் கணக்கு. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே நிற்கிறாள் என்பதைக் கொண்டே அது கணிக்கப்படுகிறது. வினாத்தாள் கடினம் என்றால் எல்லோருக்கும்தான் கடினம்; சராசரியும் இறங்கிவிடும். "பௌதிகவியல் கைவிட்டுப் போச்சு உம்மா" என்று அழுதுகொண்டு வருபவள், உண்மையில் நல்ல இடத்தில் நிற்கக்கூடும். ஆகவே அன்றைய வினாத்தாளை மூடி வைத்துவிட்டு அடுத்த பாடத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு நெடுங்காலமாக 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டு வந்தது. அந்தப் பதினாறில் மாத்தளை இல்லை. கலேவெலயில் படிக்கும் பிள்ளையும் மாத்தளை நகரப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியைத்தான் தாண்ட வேண்டும். கொழும்பிலுள்ள சாச்சியின் மகளோடு உங்கள் மகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, பலர் வாய்திறக்காத விஷயத்துக்கு வருவோம். முதல் தடவை பெறுபேறு சரியாக அமையாவிட்டால், மகனுக்கு "அடுத்த முறை பார்ப்போம்" என்கிறோம். மகளுக்கோ மாப்பிள்ளை தேடத் தொடங்கிவிடுகிறோம்! பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று முறை தோற்ற இடமுண்டு. அந்தச் சலுகையில் ஆண், பெண் பேதம் கிடையாது. பேதம் நம் வீட்டில்தான் இருக்கிறது. நிக்காஹ் நல்ல காரியம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தோற்றுவிட்டாள் என்பதற்காகச் செய்யும் அவசர ஏற்பாடு, அவளுக்குத் தண்டனையாகவே தெரியும்.

"எல்லாம் கத்ர், பொறுத்துக்கொள் மகள்" என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். பொறுமை என்பது கைகட்டி உட்கார்வதா? யஃகூப் நபி (அலை) அவர்கள் அழுதழுது பார்வை மங்கிய நிலையிலும், யூஸுபைத் தேடிப் பார்க்கும்படி மக்களை அனுப்பி வைத்தார்கள். அவர்களுடைய பொறுமைக்குள் தேடலும் இருந்தது.

இரண்டாம் முறை எழுதும் பிள்ளைக்கு வீட்டு நிலைமைதான் பெரும் சோதனை. பாடசாலை இல்லை, சீருடை இல்லை, "சும்மாதானே இருக்கிறாள்" என்று சமையலும் தம்பி தங்கையும் அவள் தலையில் விழும். ஸுபஹுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலமாவது அவளை யாரும் கூப்பிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பௌதிகவியல் முதலாம் பகுதியில் 50 வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலம். அதாவது ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடமும் இல்லை. கடந்தகால வினாத்தாளை வைத்து, கடிகாரம் பார்த்து, எழுந்திருக்காமல் செய்து பழக வேண்டியது இது. இடையில் "தேங்காய் துருவித் தா மகள்" என்ற குரல் வந்தால் அந்தப் பயிற்சி வீண்.

பாடசாலையை விட்டு விலகியவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தாமே விண்ணப்பிக்க வேண்டும்; அதிபர் நினைவூட்டமாட்டார். பரீட்சைத் திணைக்களத்தின் அறிவித்தல் வந்ததும் முடிவுத் திகதியைக் குசினிக் கலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். தேசிய அடையாள அட்டையையும் இன்றே தேடி எடுத்து வைத்துவிடுங்கள்.