போரை எழுதியவரும் நம் ஊர் மண்ணும்

முண்டியம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் செல்லும்போது நாம் விக்கிரவாண்டியைக் கடந்து செல்கிறோம். 1752ஆம் ஆண்டில் அங்கே ஒரு போர் நடந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? செஞ்சிக் கோட்டையைப் பிடிக்கச் சென்ற மேஜர் கின்னீரின் ஆங்கிலப் படை, கோட்டையின் வலிமையைக் கண்டு திரும்பியது. விக்கிரவாண்டியில் பிரெஞ்சுப் படையிடம் தோற்றது. இதை விரிவாக எழுதி வைத்தவர் இராபர்ட் ஓர்ம் என்னும் ஆங்கிலேயர்.

ஓர்ம் 1728இல் திருவிதாங்கூரைச் சேர்ந்த அஞ்சுதெங்கில் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்து, சென்னை ஆட்சிக் குழுவில் உறுப்பினரானார். இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய போர்களைப் பற்றிய அவரது வரலாறு 1763இலும் 1778இலும் வெளிவந்தது.

இவரைப் போற்றுவோரும் உண்டு, தூற்றுவோரும் உண்டு. கடிதங்களையும் வரைபடங்களையும் அரும்பாடுபட்டுத் திரட்டினார். தம்மவர் தோல்வியையும் மறைக்கவில்லை. கான்சாகிபு எனப்பட்ட யூசுப்கானின் வீரத்தையும் புகழ்ந்தார். ஆனால் அவர் நடுநிலையாளர் அல்லர். 1756இல் கிளைவை வங்காளத்திற்கு அனுப்பத் தூண்டியவர்களுள் அவரும் ஒருவர். 1769இல் கம்பெனியின் வரலாற்றாசிரியராகவே அமர்த்தப்பட்டார். இந்திய மக்கள் இயல்பிலேயே வலிமையற்றவர்கள் என்றும் எழுதினார். ஆனால் அவர் எழுதிய போர்களில் ஆங்கிலேயர் பக்கம் நின்று போரிட்டவர்களுள் ஏராளமானோர் நம் நாட்டுச் சிப்பாய்களே! அவர்களுள் பெரும்பாலோர் அந்நூலில் பெயரின்றி வெறும் எண்களாகவே நிற்கிறார்கள்.

அப்படியானால் ஓர்மின் நூலை ஒதுக்கி விடலாமா? கூடாது. ஒதுக்கினால் விக்கிரவாண்டிப் போரைப் பற்றிய அரிய சான்று ஒன்றை இழப்போம். அதனுடன் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் படிக்க வேண்டும். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த அவர், 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழிலேயே எழுதினார். அவரும் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவர்தாம். எனினும் இரு சாட்சிகளையும் ஒப்பிட்டால் உண்மை தெளிவாகும் அன்றோ?

அச்சில் வந்தது அனைத்தும் உண்மை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், யாரை விட்டுவிட்டார் என்று கேட்டுப் படிப்போம். அடுத்த முறை விக்கிரவாண்டியைக் கடக்கும்போது, பெயர் எழுதப்படாத அந்தச் சிப்பாய்களையும் ஒரு கணம் நினைத்துக் கொள்வோமாக!