கம்பு நடுவதா, விதை போடுவதா? வீட்டுப் பக்கத்திலேயே விறகுக்கு ஒரு வழி

மடுவத்தில் கொழுந்து நிறுத்து முடிந்தாலும் நமது பெண்கள் பலருக்கு அன்றைய வேலை முடிவதில்லை. கவ்வாத்து மலைக்குப் போய் மிலார் பொறுக்கி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்தால்தான் இரவு அடுப்பு எரியும். பக்கத்தில் கவ்வாத்து நடக்காத காலத்தில் தூரம் இன்னும் கூடும். 2022ஆம் ஆண்டு காஸ் தட்டுப்பாடு வந்தபோது, காஸ் அடுப்பு வைத்திருந்த வீடுகளும் திரும்ப விறகைத் தேடிப் போனதை நாம் மறக்கவில்லை.

இந்தச் சுமையைக் குறைக்க, வீட்டுத் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு வரிசை கிளிரிசீடியா இருந்தால் நல்லது. சீமைக்கிளுவை என்றும், சிங்களத்தில் கினிசீரியா என்றும் சொல்வது இந்த மரத்தைத்தான். மத்திய அமெரிக்கா, மெக்சிக்கோ பக்கத்திலிருந்து வந்தது. வெட்ட வெட்டத் தழைக்கும். காய்ந்த விறகு நின்று எரியும். தழை, மண்ணுக்கு நல்ல உரம்.

"ஒரு கம்பை வெட்டி நட்டா முளைச்சிடுமே, விதை எதுக்கு?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானது. அவசரமாக வேலி வேண்டுமென்றால் கம்புதான் சரி. ஆனால் கம்பிலிருந்து வரும் மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. வேர் மேலாகவே படரும். சரிவான நிலத்தில், பெருங்காற்றில் அது சாய்ந்து விழக்கூடும். விதையிலிருந்து வரும் மரம் ஆணிவேரை ஆழமாக இறக்கி நிற்கும். ஆரம்பத்தில் கொஞ்சம் மெதுவாக வளர்ந்தாலும், மேட்டிலும் சரிவிலும் இருக்கிற நமக்கு அதுதான் ஏற்றது. நடுவதற்காகப் பெரிய மரத்தின் வாதுகளை வெட்டவும் வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி விதை போதும்.

விதை எடுப்பது

அடிக்கடி வாது வெட்டும் மரத்தில் காய் கிடைக்காது. வெட்டாமல் விட்ட மரத்தைப் பாருங்கள். வெயில் காலத்தில் இலை உதிர்ந்து, இளஞ்சிவப்பாகப் பூத்து, பிறகு தட்டையான காய் பிடிக்கும். எந்நேரமும் மழை பெய்யும் இடங்களில் காய் பிடிப்பது குறைவு. அப்படியானால் வெயில் கூடிய பக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

காய் பச்சை மாறி மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்துக்கு வரும்போதே பறித்துவிட வேண்டும். முற்றிக் காய்ந்தால் "பட்" என்று வெடித்து விதையைத் தூரத்துக்கு எறிந்துவிடும். பறித்த காயை ஒரு படங்கில் பரப்பி, மேலே ஒரு துணியால் மூடி, வெயிலில் வைத்தால் விதை சிதறாது. நன்றாகக் காய்ந்த விதையை மூடி இறுகிய போத்தலில் போட்டு வைக்கலாம்.

நாற்றுப் போடுவது

விதையை இரவு முழுவதும் பச்சைத் தண்ணீரில் ஊற வையுங்கள். கொதிநீர் தேவையில்லை. பால் பக்கற், சீனிப் பை போன்றவற்றின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்பி, பைக்கு 2 விதை வீதம் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் போடுங்கள். நல்ல விதை 7 முதல் 10 நாட்களில் முளைக்கும். இரண்டும் முளைத்தால் நல்லதை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். கோழி கிளறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுமார் 2 மாதத்தில் கன்று நடத் தயாராகும். அது மழை தொடங்கும் நேரத்தோடு பொருந்தும்படி விதை போடும் நாளைக் கணக்கிட வேண்டும். வேலிக்கு ஒன்றரை அடிக்கு ஒரு கன்று போதும். பையைக் கிழித்து எடுத்து, மண் உடையாமல் நட வேண்டும். முதல் சில மாதம் புல் மூடாமல் பார்த்தால், பிறகு அதுவே தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

கன்றின் வேரில் சிறு முடிச்சுகள் இருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம். ஒன்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்குச் சேர்க்கும் வேலை அங்கே நடக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் இதன் தழையைப் போட்ட பாத்தியில் போஞ்சியும் கறிமிளகாயும் செழிக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

ஒரு வருடமாவது வளரவிட்ட பிறகே முதல் வெட்டு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் தழையை வாட வைத்து, புல்லோடு கலந்து கொஞ்சமாகக் கொடுங்கள். விதையும் பட்டையும் நஞ்சு. எலியைக் கொல்வது என்பதுதான் அந்த லத்தீன் பெயரின் பொருள். பிள்ளைகள் வாயில் வைக்கக்கூடாது.

சுமார் 4,000 அடிக்கு மேலுள்ள குளிர்ந்த தோட்டங்களில் இது சரியாக வராது. அங்கே சவுக்கு நல்லது.

லயத்துச் சுவருக்கும் கானுக்கும் அருகில் நட வேண்டாம். நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானால், நடுவதற்கு முன்பே நிர்வாகத்திடம் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வளர்த்த மரத்தை வெட்டப் போகும் நாளில் வழக்கு வரக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வேர் மண்ணைப் பிடிக்கும், ஆனால் மலை சரிவதைத் தடுக்காது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் புதைந்தன. நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு, திடீரென ஊற்று, நின்ற மரம் சாய்தல் ஆகியவற்றைக் கண்டால் மரத்தை நம்பி இருக்காமல் பிள்ளைகளோடு உடனே வெளியேறுங்கள்.

வரும் வெயில் காலத்தில் எந்த மரத்தில் காய் இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். ஒரு வீட்டில் விதை கிடைத்தால் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். இன்று பிள்ளைகளோடு சேர்ந்து போடும் விதை, இரண்டு மூன்று வருடத்தில் அம்மாவின் தலைச்சுமையைக் குறைக்கும்.