வேலை போனால் படிப்பும் போய்விடுமா?

காலை ஆறரை மணிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்குவார். தோளில் ஒரு பை. பைக்குள் மடித்து வைத்த வெள்ளைச் சீருடை, அம்மா கட்டிக் கொடுத்த சோறு. மாலை ஆறு மணிக்கு மேல் வீடு திரும்புவார். இப்படி ஒன்பது நாட்கள் போய் வந்திருக்கிறார் அந்தத் தங்கை. அந்த ஒன்பது நாளும் அவருக்கு வேலை இல்லை. பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். கால் கடுத்தால் மாவட்ட மைய நூலகத்துக்குப் போனார். வெயில் இறங்கியதும் பஸ் ஏறினார்.

ஒன்பதாம் நாள் மாலை பையைத் திறந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. "துணி மடிப்புகூட கலையல. எங்கதான்டி போய்ட்டு வர்ற?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்த பதினோராவது வாரம் அவரை நிறுத்திவிட்டார்கள்.

ஏன் வீட்டில் மறைத்தீர்கள் என்று கேட்டோம். "நான் பி.எஸ்சி. நர்சிங் முடிச்சப்ப காலனில பேனர் வெச்சாங்கண்ணா. தண்ணி டேங்க் பக்கத்துல இன்னும் அது இருக்குது. அதத் தாண்டிப் போய் வேல போச்சுன்னு எப்பிடிச் சொல்றது?" என்றார்.

இந்தப் பதிலில்தான் நம் பிள்ளைகளின் கஷ்டம் முழுவதும் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு முதல் வேலை போனால் அது அந்தப் பிள்ளையின் கவலை. நம் காலனியில் முதல் நர்ஸுக்கு வேலை போனால், தெருவே தோற்றுப் போனதாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. நான்கு வருடப் படிப்பு, வங்கிக் கடன், அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலி, அண்ணன் பாதியில் விட்ட படிப்பு எல்லாம் ஒரே நாளில் தலைமேல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

நடந்தது என்ன?

ஒருநாள் இரவு டியூட்டி. வார்டில் 22 நோயாளிகள். இரண்டு செவிலியர்கள். நள்ளிரவுக்கு முன்பு ஐ.சி.யூ.வில் அவசரம் என்று அனுபவமுள்ள செவிலியரை அங்கே அழைத்துக்கொண்டார்கள். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத இவர் தனியாக நின்றார். பன்னிரண்டு மணிக்குப் போட வேண்டிய ஆன்டிபயாடிக் ஊசியை ஒரு நோயாளிக்கு 12.50-க்குத்தான் போட முடிந்தது. கேஸ் ஷீட்டில் 12.50 என்றே எழுதினார். பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போட்ட நேரத்தைத்தான் எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அதனால் எழுதினார்.

மூன்றாம் நாள் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். "நீ இந்த வேலைக்கு செட் ஆகலம்மா. நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்கள். கடிதம் இல்லை. சம்பளக் கணக்கு இல்லை. சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களையும் தரவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சேர்ந்த மூன்றாவது வாரம், கூட வேலை பார்த்த ஒருவர், "உங்க ஊர்ல நீங்க ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா?" என்று கேட்டிருக்கிறார். இவர் மறைக்கவில்லை. அதன் பிறகு பெட்பேன் எடுக்க, வாந்தி துடைக்க என்றால் வார்டு இன்சார்ஜ் இவர் பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஆயா பக்கத்தில் நின்றாலும் இவரைத்தான். நோயாளிக்குச் செய்யும் எந்த வேலையும் இழிவல்ல. பெட்பேன் வைப்பதும் செவிலியர் வேலைதான், அதை இவரும் அறிவார். ஆனால் ஆறு பேர் டியூட்டியில் இருக்கும்போது ஒருவரை மட்டும் அதற்குத் தேடிப் பிடித்தால், அந்தத் தேடலுக்கு என்ன பெயர் என்று நமக்குத் தெரியும்.

அப்படியானால் வேலை போனது ஊசிக்காகவா, காலனிக்காகவா? அந்தத் தங்கை ஒன்பது நாளும் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். "நான் உண்மையிலேயே சரியா வேல செய்யலையா, இல்ல என்னப் புடிக்கலையா? அது தெரிஞ்சாக்கூட மனசு ஆறும்ணா" என்றார்.

காரணத்தை எழுதித் தராமல் அனுப்பினால் இரண்டு வழியும் அடைபடுகிறது. தவறு நம்முடையது என்றால் அதைத் திருத்திக்கொள்ள முடிவதில்லை. தவறு அவர்களுடையது என்றால் புகார் செய்ய முடிவதில்லை. அதனால்தான் சொல்கிறோம்: வேலையை விட்டு நிறுத்தினால் அழுவதற்கு முன், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டுத் தரவில்லை என்றால் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும், கேட்டதற்கான ஆதாரம் உங்கள் கையில் இருக்கும்.

தாமதம் யாருடையது?

அந்த ஐம்பது நிமிடத் தாமதத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. மருந்து நேரத்துக்குப் போக வேண்டும். ஆனால் பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லும் அளவு. 22 பேரை ஒரு புதியவரிடம் விட்டது நிர்வாகம். நேரத்தை உள்ளபடி எழுதியவர் வெளியே போனார். புதிதாக வேலைக்குச் சேரும் மாணவிகள் இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பொய் எழுதுவதே நல்லது" என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நோயாளியின் உயிர் அந்தத் தாளை நம்பித்தான் இருக்கிறது. தனியாக விடப்பட்டால், அதையும் அப்போதே எழுதி வையுங்கள்: எத்தனை நோயாளிகள், எத்தனை மணி முதல் தனியாக, யாரிடம் சொன்னோம் என்று. அது பின்னாளில் உங்களைக் காப்பாற்றும்.

பலரைச் சேர்த்து அனுப்பியதையும் நாம் பார்த்திருக்கிறோம். கொரோனா காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் அரசு சேர்த்த செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. நியமனத்தின்போது இட ஒதுக்கீட்டு முறை பின்பற்றப்படவில்லை என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று. விதியை மீறியது நியமித்தவர்கள். வீட்டுக்குப் போனது செவிலியர்கள். அவர்கள் கூடிப் போராடிய பிறகுதான் மாவட்ட அளவில் மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. கூடி நின்றவர்களுக்குப் பதில் கிடைத்தது. தனியாக பஸ் நிலையத்தில் உட்கார்ந்தவருக்கு எந்தப் பதிலும் வரவில்லை.

அண்ணல் இழந்த வேலை

பேனர் வைத்த தெருவுக்கு வெறுங்கையோடு திரும்புவது அவமானம் என்று நினைப்பவர்கள், நம் காலனி முனையில் சிலையாக நிற்பவரின் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார் அம்பேத்கர். அவர் மேசைமேல் கோப்பைத் தூரத்திலிருந்து வீசினார்கள் பியூன்கள். தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் இருந்தார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை அங்கிருந்து வெளியேறச் சொன்னார்கள். போக்கிடம் இல்லாமல் ஊர்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். மறு ஆண்டு, 1918-இல், பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

அந்தப் பூங்காவில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய படிப்பு எங்கும் போய்விடவில்லை. பரோடாவில் நடந்ததை அவர் மறைக்கவும் இல்லை, பின்னாளில் தானே எழுதி வைத்தார். நம் பிள்ளைகள் அவரிடம் கற்க வேண்டியது இதையும்தான்.

என்ன செய்யலாம்?

முதலில், சான்றிதழ். கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. சேரும்போது அசலைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம். அசலைக் கொடுத்துவிட்டு வருவதைத் தவிர்க்க வேண்டும். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, சம்பளம். வேலையை விட்டு நிறுத்தினால், வேலை செய்த நாள்வரை உள்ள கூலியை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். மருத்துவமனை, நர்சிங் ஹோம் ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. அதற்குக் கீழே கொடுத்திருந்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், சட்டமாகவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது, சாதி. மற்றவர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், பட்டியல் சாதியார் என்பதற்காக ஒருவரை வேலை செய்யவிடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். டி.எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். புகாரில் ஆத்திரத்தைவிட விவரம் முக்கியம். என்ன தேதி, எந்த வார்டு, சொன்ன வார்த்தை எது, கேட்டவர்கள் யார் என்று அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இதற்கான தேசிய உதவி எண் 14566.

நான்காவது, வக்கீல். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஐந்தாவது, கடன். கல்விக் கடனுக்குத் தவணை தவறிய பிறகு வங்கிக்குப் போவதைவிட, தவறுவதற்கு முன்பே போய், வேலை போனதைச் சொல்லி, அவகாசம் கேட்டு எழுதிக் கொடுப்பது நல்லது.

மனசுக்கும் ஒரு வார்த்தை. வேலை போனதால் நர்சிங் கவுன்சில் பதிவு ரத்தாகிவிடாது. பதிவு இருக்கும் வரை நீங்கள் செவிலியர்தான். அடுத்த நேர்காணலில் "ஏன் விட்டாய்?" என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். என்ன நடந்தது, அதிலிருந்து என்ன கற்றேன் என்று இரண்டு வரியில் சொன்னால் போதும். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைக் கவனித்து வாருங்கள். வெளிநாடு போக நினைப்பவர்கள் ஊர் ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள்.

அம்மா சொன்னது

ஒன்பதாம் நாள் இரவு என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டோம். அவர் மகளைத் திட்டவில்லை. "நிறுத்துனாங்கன்னா நேரா வூட்டுக்கு வர வேண்டியதுதான? பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு இருந்தா பொம்பளப் புள்ளய யாரு பாத்துக்குவா? வேல போனா வேற வேல பாக்கலாம்யா, புள்ள போனா நான் எங்கப் போயித் தேடறது?" என்று நம்மிடம் சொன்னார்.

மறுநாள் அம்மாவும் மகளும் சேர்ந்தே மருத்துவமனைக்குப் போனார்கள். காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார்கள். அன்று எதுவும் கிடைக்கவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாம் முறை போனபோது சான்றிதழ்களும் பாக்கிச் சம்பளமும் கிடைத்தன. பதினோரு வாரம் பணிபுரிந்தார் என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். நிறுத்திய காரணத்தை மட்டும் கடைசிவரை எழுதித் தரவில்லை.

இப்போது திண்டிவனத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலை பார்க்கிறார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. மாலையில் தேர்வுக்குப் படிக்கிறார். இரவில் கண் விழிக்கும்போதெல்லாம் அந்த 12.50 நினைவுக்கு வருவதாகச் சொன்னார். அந்தக் கேள்வி அவரை விட்டுப் போக இன்னும் நாளாகும்.

காலனியில் பேனர் வைக்கும் தம்பிகளுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். பிள்ளைகள் பட்டம் வாங்கும்போது கூடி நிற்கிறோம், நல்லது. அவர்கள் வேலை இழந்து வரும் நாளிலும் அதே டேங்க் பக்கத்தில் நாலு பேர் நின்று, "வா தாயி, என்னாச்சு சொல்லு" என்று கேட்க வேண்டும். அப்படி ஒரு தெரு இருக்கிறது என்று தெரிந்தால், எந்தப் பிள்ளையும் மடிப்புக் கலையாத சீருடையோடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்காது.