கத்திரி பட்டதும் பூக்கும் கொடி

நெய்வேலி டவுன்ஷிப்பில் பன்னீர் திராட்சையை விதை இருக்கிறது என்பதற்காகவே ஒதுக்குகிறவர்கள் பலர். விதையில்லாத பச்சைத் திராட்சைக்குத்தான் மரியாதை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அழைக்கும் இந்தக் கருந்திராட்சை, சீனாவின் தியான்ஜின் பகுதியில் ஒயினாகிறது. நம்மிடம் இது அதிகம் விளைவது தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில். 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

பிரான்சில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும். ஆண்டுக்கு ஒரு முறைதான் காய்க்கும். கம்பத்தில் அப்படியொரு குளிர் கிடையாது. சும்மா விட்டால் கொடி பந்தல் முழுக்க இலையாகவே படரும். அங்கே பருவத்தைத் தொடங்கிவைப்பது கவாத்துக் கத்திரி. கொடியின் வளரும் நுனி சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன், கீழே இருக்கும் மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியை வெட்டினால் தடை விலகி, மொட்டுகள் துளிர்த்துப் பூக்கின்றன.

ஆனால் அந்தப் பூங்கொத்தின் கரு பல வாரங்களுக்கு முன்பே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது. அப்போது வெளிச்சம் போதவில்லை என்றால், பூங்கொத்தாக வேண்டியது வெறும் பற்றுக்கம்பியாகிவிடும்! பந்தலில் இலை அடர்ந்துவிடாமல் விவசாயிகள் பார்த்துக்கொள்வது இதனால்தான். கவாத்திலிருந்து சுமார் 120 நாளில் அறுவடை. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் கம்பத்தில் ஆண்டு முழுவதும் பழம் உண்டு.

ஓயாமல் காய்க்கும் கொடிக்கு மண்ணும் ஈடுகொடுக்க வேண்டும். பழுப்பு நிலக்கரியில் காரம் சேர்த்துப் பிரித்தெடுக்கும் ஹியூமிக் அமிலத்தை மண்ணில் இட்டால், அது இரும்பையும் துத்தநாகத்தையும் வேர் உறிஞ்சத்தக்க நிலையில் பிடித்து வைக்கிறது. நம் நெய்வேலிச் சுரங்கத்துக் கரிக்குக் கொதிகலனைத் தவிரவும் வேலை உண்டு.

இந்தப் பழத்தின் மணத்துக்குக் காரணம் மிகச் சிறியது. டிஎக்ஸ்எஸ் என்ற மரபணு உருவாக்கும் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் மஸ்கட் வகைகளில் லினலூல், ஜெரானியால் ஆகிய சேர்மங்கள் பெருகுகின்றன. ரோஜாவுக்கு மணம் தருவதும் இதே ஜெரானியால்தான். பழத்தில் இவற்றின் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்து, மணமில்லாமல் கிடக்கிறது. நொதிக்கும்போது ஒரு பகுதி விடுபடுகிறது.

அடுத்த முறை வாங்கினால் நன்றாகக் கழுவித் தோலோடு சாப்பிடுங்கள். மணம் அதிகம் இருப்பது தோலில்தான்.